மருந்துகளில் வாழும் அறிஞர்: எல்லாப்பிரகட சுப்பாராவ்

லிட்டில் இந்தியாவை ஒட்டி, புக்கிட் தீமா சாலையில் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை அமைந்துள்ளது. சிங்கப்பூரர் பலர் பிறந்த மருத்துவமனை அது. அங்கு வரும் கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மாத்திரைகளுள் ஒன்று ஃபோலிக் அமில மாத்திரை. அது உருவத்தில் சிறியது, விலையும் குறைவு. ஆனால், கருவில் வளரும் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் குறையின்றி உருவாக அது துணைபுரிகிறது.

இரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டு அழற்சி நோய்க்கும் கொடுக்கப்படும் மெத்தோடிரெக்சேட், யானைக்கால் நோயைத் தடுக்க உதவும் டையெத்தில்கார்பமசின், பலவகைத் தொற்றுநோய்களைக் குணப்படுத்தும் டெட்ராசைக்கிளின் வகையைச் சேர்ந்த முதல் மருந்து ஆகியவையும் உலகம் நன்கு அறிந்தவை. இவை எல்லாம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை என்பது வியப்புக்குரியது. அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிப் பணிகளை வழிநடத்தியவர், சென்னையில் படித்த ஓர் இந்தியர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இருமுறை தோற்ற மாணவர்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமாவரம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அவரது தாய்மொழி தெலுங்கு. அவருடைய தந்தை அரசாங்கத்தின் வருவாய்த் துறையில் வேலை பார்த்தார். உடல்நலக் குறைவால் அவர் வேலையிலிருந்து முன்னதாகவே விலக நேர்ந்தது. வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானமோ குறைவு.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பணம் சம்பாதித்துக் குடும்பத்தின் வறுமையைப் போக்க வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கி இருந்தது. பதின்மூன்று வயதில், காசிக்குச் செல்லும் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றால் நிறையச் சம்பாதிக்கலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினார் என்பர். வழியிலேயே அவரைப் பிடித்து, வீட்டுக்கு அழைத்து வந்தனர். தாயார் வெங்கம்மா அவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்.

பள்ளி இறுதித் தேர்வில் சுப்பாராவ் இருமுறை தோல்வி அடைந்தார். இடையில் தந்தையும் காலமானார். படிப்பு அத்துடன் நின்றுபோயிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால், தாயார் மகனை விட்டுவிடவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படித்த அவர், மூன்றாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார்.

கல்லூரி நாட்களில் அவர் மனம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து தொண்டு செய்ய விரும்பினார். அதற்குத் தாயின் ஒப்புதல் வேண்டியிருந்தது, தாயார் ஒப்புக்கொள்ளவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவமும் ஒரு வழி என்ற எண்ணம் பிறந்ததும், அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சேஷகிரி என்னும் பெண்ணை மணந்துகொண்டார். படிப்புச் செலவுக்கு மாமனார் பெரிதும் உதவினார்.

கதர் ஆடையும் கைநழுவிய பட்டமும்

இந்திய விடுதலைப் போராட்டம் வலுப்பெற்று வந்த காலம் அது. வெளிநாட்டுத் துணிகளைத் தவிர்த்துக் கதர் அணியுமாறு காந்தியடிகள் மக்களை வேண்டினார். சுப்பாராவ் அந்த அழைப்பை ஏற்றார். அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதரில் தைத்த மேலங்கியையே அணிந்தார். இதனால், ஆங்கிலேயரான அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். சுப்பாராவ் எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாகவே எழுதியிருந்தார். ஆயினும், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. இதனால் அரசாங்க மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பும் அவரை விட்டு விலகியது.

இதற்கிடையில் குடும்பத்தில் பெரும் துயரம் நிகழ்ந்தது. ஸ்புரூ என்னும் வெப்பமண்டல நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் பலிகொண்டது. உண்ணும் உணவிலுள்ள சத்துகளைக் குடல் உறிஞ்ச முடியாமல் போவதே அந்நோயின் இயல்பு. நோயாளி சாப்பிட்டாலும் உடல் மெலிந்துகொண்டே போகும். இரத்தச் சோகையும் சேர்ந்துகொள்ளும். அந்நோய் எதனால் வருகிறது என்பதை அக்கால மருத்துவர்கள் அறிந்திருக்கவில்லை. உறுதியான மருந்தும் இல்லை. மருத்துவம் பயின்ற சுப்பாராவாலும் உடன்பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் அவரும் அதே நோயால் பாதிக்கப்பட்டு, ஆயுர்வேத மருந்தால் குணமடைந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர்.

சுப்பாராவ் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் கற்பிக்கும் வேலையில் சேர்ந்தார். ஒரு மூலிகை நோயைக் குணப்படுத்துகிறது என்றால், அதிலுள்ள எந்தப் பொருள் அவ்வாறு செய்கிறது? உடலுக்குள் சென்றதும் அது என்ன செய்கிறது? இத்தகைய கேள்விகள் அவர் மனத்தில் எழுந்தன. விடை காண மருத்துவ அறிவு மட்டும் போதாது. வேதியியலும் தேவை என்பதை அவர் உணர்ந்தார். அதைக் கற்க அமெரிக்கா செல்லத் தீர்மானித்தார்.

இரவில் வேலை, பகலில் படிப்பு

1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் கப்பலேறி, அமெரிக்காவின் போஸ்டன் நகரை அடைந்தார். மாமனார் கொடுத்த பணமும் ஓர் அறக்கட்டளை அளித்த உதவியுமே அவருக்குத் துணை. சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிடலாம் என்று நம்பி, இளம் மனைவியை ஊரில் விட்டுச் சென்றார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்றும் தகுதியும் அவருக்கு இல்லை. எனவே, ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களை எடுத்துச் சுத்தம் செய்வது அவரது வேலைகளுள் ஒன்று. இரவெல்லாம் அந்த வேலையைச் செய்துவிட்டுப் பகலில் வகுப்புக்குச் சென்றார். தாம் ஒரு மருத்துவர் என்ற எண்ணம் அந்த வேலையைச் செய்வதற்கு அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

பட்டயப் படிப்பை முடித்தபின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்து, சைரஸ் ஃபிஸ்கே என்னும் அறிவியலாளருடன் பணியாற்றினார். நம் எலும்பிலும் இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் என்னும் தனிமம் உள்ளது. ஒரு துளி இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைத் துல்லியமாக அளப்பது அன்று எளிதாக இல்லை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அதற்கு ஒரு வழி கண்டனர். பாஸ்பரஸ் உள்ள கரைசலில் குறிப்பிட்ட சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தால் நீலம் அடர்த்தியாகவும், குறைவாக இருந்தால் வெளிறியும் காணப்படும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் பாஸ்பரஸின் அளவு தெரிந்துவிடும். 1925ஆம் ஆண்டு வெளிவந்த இம்முறை, இருவர் பெயராலும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே அழைக்கப்படுகிறது. உலகம் முழுவதும் உயிர்வேதியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாக இதைக் கற்று வந்துள்ளனர்.

தசைக்குள் ஒரு சேமிப்பு

அளக்கும் வழி கிடைத்ததும் புதிய கதவு ஒன்று திறந்தது. நாம் ஓடும்போதும் பளு தூக்கும்போதும் தசைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டதாக அறிவியல் உலகம் கருதியது. தசையின் இயக்கத்தைப் பற்றி ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. தசையிலுள்ள சர்க்கரைப் பொருள் லாக்டிக் அமிலமாக மாறும்போது கிடைக்கும் ஆற்றலே தசையை இயக்குகிறது என்பது அக்காலக் கருத்து.

சுப்பாராவும் ஃபிஸ்கேயும் தசையை ஆராய்ந்தபோது, பாஸ்பரஸ் அடங்கிய ஒரு பொருளைக் கண்டனர். தசை வேலை செய்யும்போது அது குறைந்தது. ஓய்வெடுக்கும்போது மீண்டும் பெருகியது. 1927ஆம் ஆண்டு அவர்கள் அறிவித்த அப்பொருளின் பெயர் பாஸ்போகிரியேட்டின். அடுத்து, 1929ஆம் ஆண்டு ஏ.டி.பி. என்னும் மூலக்கூற்றையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார்.

இவ்விரண்டு பொருள்களின் வேலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பேருந்தில் ஏறும்போது பயண அட்டையிலுள்ள பணம் குறைகிறது. அட்டையில் மீண்டும் பணத்தை நிரப்பிக்கொள்கிறோம். உயிரணு செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏ.டி.பி. அத்தகைய அட்டை போன்றது. அது குறைந்தவுடன் உடனடியாக நிரப்புவதற்குக் கையில் வைத்திருக்கும் சேமிப்பு போன்றது பாஸ்போகிரியேட்டின். மனிதர் முதல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வரை எல்லா உயிர்களும் ஏ.டி.பி.யைப் பயன்படுத்துகின்றன. இன்று உயர்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்திலும் அது இடம்பெற்றுள்ளது.

1930ஆம் ஆண்டு சுப்பாராவ் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால், அங்கு அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. மேலும் பத்து ஆண்டுகள் தாழ்ந்த பதவியிலேயே அவர் ஆய்வைத் தொடர்ந்தார்.

இந்த ஆண்டுகளுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவர் கப்பலேறிய பின் பிறந்த ஆண் குழந்தை, தந்தையைக் காணாமலேயே குழந்தைப் பருவத்தில் இறந்துபோனது. ஊருக்குத் திரும்பும் பயணம் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது. இன்னும் ஓர் ஆய்வு, இன்னும் ஓர் ஆண்டு என்று காலம் ஓடியது. சேஷகிரி அம்மையார் காத்திருந்தார். கணவர் திரும்பி வரவேயில்லை. சுப்பாராவின் கண்டுபிடிப்புகளால் பயன் பெற்றவர்கள் கோடிக்கணக்கானோர். அவற்றுக்காக இழந்தவர்களுள் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் அந்த அம்மையார்.

போரும் சத்துக் குறையும்

1940ஆம் ஆண்டு சுப்பாராவ் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அது மருந்து தயாரிக்கும் நிறுவனம். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநரானார். மருத்துவர்கள், வேதியியலாளர்கள், நுண்ணுயிரியலாளர்கள், தாவரவியலாளர்கள், பொறியாளர்கள் எனப் பல துறையினரும் அங்கு இருந்தனர். சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை மருந்து கிடைத்தால் போதாது. அதைத் தொழிற்சாலையில் கிலோ கிலோவாகத் தயாரித்தால்தான் நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும். அதற்குப் பல துறைகளும் சேர்ந்து உழைக்க வேண்டும். அத்தகைய கூட்டுழைப்பை உருவாக்கியதே சுப்பாராவின் பெரிய சாதனைகளுள் ஒன்று.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1942ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. சாங்கியிலும் கிராஞ்சியிலும் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டனர். போதிய உணவில்லாமல் அவர்கள் வைட்டமின் குறைபாட்டு நோய்களால் வாடினர். கால் வீங்கியது, கண்பார்வை மங்கியது, வாய் புண்ணானது. மருந்து கிடைக்காத நிலையில், கைதிகளாக இருந்த மருத்துவர்கள் புல்லையும் இலைகளையும் இடித்துச் சாறெடுத்துக் கொடுத்தனர். அரிசித் தவிட்டை உணவில் சேர்த்தனர். இலையிலும் தவிட்டிலும் உயிர் காக்கும் பொருள்கள் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அத்தகைய பொருள்களைத் தனியே பிரித்தெடுத்து, மாத்திரையாக்கி, யார் வேண்டுமானாலும் பெறும்படி செய்ய முடியுமா? உலகின் மறுபக்கத்தில் சுப்பாராவின் குழு முயன்றுகொண்டிருந்தது இத்தகைய பணியில்தான்.

கீரையில் கிடைத்த திறவுகோல்

ஃபோலிக் அமிலத்தின் கதை இந்தியாவில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடம் காணப்பட்ட கடுமையான இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றை உணவில் சேர்த்தபோது அவர்கள் குணமடைந்ததை 1930களின் தொடக்கத்தில் அறிவித்தார். அச்சாற்றில் ஏதோ ஒரு சத்து இருந்தது. அது என்னவென்று தெரியவில்லை. 1941ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் சிலர் நான்கு டன் கீரையிலிருந்து அத்தகைய பொருளை மிகச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

நான்கு டன் கீரைக்குச் சிறிதளவே கிடைக்கும் மருந்தால் எத்தனை பேரைக் குணப்படுத்த முடியும்? லெடர்லி குழுவினர் முதலில் அதைத் தூய படிகமாகப் பிரித்தனர். பிறகு, அதன் மூலக்கூறு எவ்வாறு அமைந்துள்ளது என்று ஆராய்ந்தனர். இறுதியில் கீரையோ ஈரலோ இல்லாமல், வேதிப்பொருள்களிலிருந்தே அதை உருவாக்கினர். 1945ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானது. புதிய மருந்து சிலவகை இரத்தச் சோகை நோயாளிகளுக்குப் பயனளித்தது. ஸ்புரூ நோயாளிகளுக்கும் பயனளித்தது. சகோதரர் இருவரைப் பறித்த நோயை எதிர்க்க, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் சுப்பாராவின் ஆய்வுக்கூடமே மருந்து தந்தது.

எதிர்பாராத விளைவு

போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் பணியாற்றினார். இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்ற அவர் முயன்றார். அந்நோய் வந்தால் குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவார்கள். அவர்களுக்கு அளிக்க எந்த மருந்தும் அன்று இல்லை. ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்குகிறது என்றால் இந்நோய்க்கும் பயன்படலாம் என்று ஃபார்பர் கருதினார். சுப்பாராவின் குழு தயாரித்த ஃபோலிக் அமில வகைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக, புற்று உயிரணுக்கள் மேலும் வேகமாகப் பெருகுவதாக அவருக்குத் தோன்றியது.

வருந்தத்தக்க இத்தோல்வி ஓர் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் தேவை. புற்று உயிரணுக்கள் விரைந்து பிரிபவை. அவற்றுக்கும் அது தேவை. அப்படியானால், அது கிடைக்காமல் தடுத்தால் புற்றுநோய் தணியாதா?

இங்குதான் வேதியியல் கைகொடுத்தது. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சுப்பாராவின் குழு நன்கு அறிந்திருந்தது. எனவே, அதைப் போன்றே தோன்றும், ஆனால் அதன் வேலையைச் செய்யாத மூலக்கூறுகளை அவர்களால் உருவாக்க முடிந்தது. பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவியைப் போன்றவை அவை. போலிச் சாவி உள்ளே இருக்கும்வரை உண்மையான சாவி நுழைய முடியாது. உயிரணுவும் பிரிய முடியாது.

அவ்வாறு உருவாக்கப்பட்ட அமினோப்டெரின் என்னும் மருந்தை 1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்ததாக அறிவித்தார். படுக்கையில் கிடந்த குழந்தைகள் சிலர் எழுந்து விளையாடினர். அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆயினும், இரத்தப் புற்றுநோயை மருந்தால் கட்டுப்படுத்த முடியும் என்பதை உலகம் அறிந்துகொண்டது. அதே வகையில் லெடர்லியில் உருவான மற்றொரு மருந்துதான் மெத்தோடிரெக்சேட். பிற மருந்துகளோடு சேர்த்து அதைக் கொடுக்கும் முறை பின்னர் வளர்ந்தது. முறையான சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இந்நோய் வந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் இன்று குணமடைகின்றனர்.

கொசுவும் மண்ணும்

கொசுக்களால் பரவும் சிறு புழுக்கள் மனித உடலில் தங்குவதால் வருவது யானைக்கால் நோய். கால் பருத்து, நடப்பதே துன்பமாகிவிடும். இந்தியாவிலும் பசிபிக் தீவுகளிலும் அந்நோய் பரவியிருந்தது. பசிபிக் பகுதியில் போரிட்ட அமெரிக்க வீரர்களும் அதனால் பாதிக்கப்பட்டனர். லெடர்லி குழு அதற்கு மருந்து தேடியது. 1947ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட டையெத்தில்கார்பமசின், வாய்வழியாக எளிதில் உட்கொள்ளக்கூடியது, விலையும் குறைவு. பல நாடுகளில் நோய் பரவாமல் தடுக்க ஊர் மக்கள் அனைவருக்கும் அது வழங்கப்பட்டது. சீனாவில் சமையல் உப்பிலேயே அதைக் கலந்து கொடுத்தனர்.

அக்காலத்தில் பென்சிலின் புகழ்பெற்ற மருந்தாக இருந்தது. ஆனால், அது எல்லாக் கிருமிகளையும் அழிக்கவில்லை. மேலும் பலவகைக் கிருமிகளை ஒருங்கே எதிர்க்கும் மருந்து மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடம் கிடைக்கலாம் என்று எண்ணி, பல இடங்களிலிருந்து மண் வரவழைக்கப்பட்டது. அந்தப் பணியில் ஈடுபட்டவர் பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலாளர். பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்று, எழுபது வயதைக் கடந்திருந்த அவருக்கு லெடர்லி புதிய வேலை தந்தது. மிசூரி மாநிலத்தின் வயல் ஒன்றிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றை அவர் கண்டார். அதிலிருந்து கிடைத்த மருந்துக்குப் பொன்னைக் குறிக்கும் லத்தீன் சொல்லைச் சேர்த்து ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். 1948ஆம் ஆண்டு அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளுள் அதுவே முதலாவது.

பெயரும் பணியும்

சுப்பாராவ் எளிமையாக வாழ்ந்தார். இந்தியரும் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 1946ஆம் ஆண்டுதான் வந்தது. இறுதிவரை அவர் அமெரிக்கக் குடிமகனாகவில்லை. தம் குழுவினர் செய்த கண்டுபிடிப்புகளின் புகழ் அவர்களுக்கே சேர வேண்டும் என்பது அவரது போக்கு. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில், வழிகாட்டிய அவர் பெயர் இடம்பெறவில்லை. மருந்து அறிவிக்கப்படும் கூட்டங்களில் முன்வரிசையில் நின்று பாராட்டுப் பெறவும் அவர் விரும்பியதில்லை.

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. நோபெல் பரிசோ வேறு பெரிய விருதோ அவரைத் தேடி வரவில்லை. அவருடைய நினைவாக ஒரு பூஞ்சை இனத்துக்குச் சுப்பாரோமைசஸ் என்று அறிவியலாளர்கள் பெயரிட்டனர். அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர் தொடங்கிய பணியோ இன்னும் முடியவில்லை. சிலவகைப் புற்று உயிரணுக்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி இழுக்கும் புரதங்கள் மிகுதியாக உள்ளன. எனவே, மருந்தைச் சுமக்கும் மிக நுண்ணிய துகள்களின்மேல் ஃபோலிக் அமிலத்தைப் பொருத்தினால், அத்துகள்கள் புற்று உயிரணுக்களை நாடிச் செல்லக்கூடும். இதற்கான முயற்சியில் நானோ தொழில்நுட்ப ஆய்வாளர்கள் ஈடுபட்டுள்ளனர். மருத்துவமும் வேதியியலும் பொறியியலும் கைகோத்தால்தான் மருந்து பிறக்கும் என்று சுப்பாராவ் அன்று கண்ட வழியிலேயே இன்றைய ஆய்வும் செல்கிறது.

கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறை எங்கே என்று தெரியாமல் போனவர்களும் மறக்கப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். மருந்துப் புட்டிகளில் அத்தகைய இடம் இல்லை. அவற்றில் மருந்தின் பெயரும் உட்கொள்ள வேண்டிய அளவும் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். பள்ளித் தேர்வில் இருமுறை தோற்று, பட்டம் மறுக்கப்பட்டு, மருத்துவமனையில் இரவெல்லாம் துப்புரவு வேலை செய்த ஒருவரின் உழைப்பு அந்தப் புட்டிகளுக்குள் இருக்கிறது. அவர் பெயரை அறியாமலேயே இன்றும் எத்தனையோ குழந்தைகள் நலமாகப் பிறக்கின்றன. எத்தனையோ நோயாளிகள் நலம்பெற்று வீடு திரும்புகின்றனர்.